அருளப்பு மாஸ்டர், நாலு மணிக்கு

தேங்காய் துருவிக்கொண்டிருந்த நிறஞ்சலாவின் கை அப்படியே நின்றது. காற்று கொண்டுவந்தது அவளுடைய குரல்தான். அதில் பிழையில்லை. ஆனால் அந்தக் குரலுக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்தது சாவு வயலின்.

மன்னார் ஊருக்குள் எது நடக்க இருந்தாலும் அது நிறஞ்சலாவின் வாயால்தான் சனத்துக்குத் தெரியவரும். தண்ணீர் வெட்டு, இரத்ததான முகாம், உதைபந்தாட்ட இறுதிப்போட்டி, நாய்களுக்குத் தடுப்பூசி, மரண அறிவித்தல், எல்லாம் அவள் குரல். வீட்டில் ஓர் அறையில் மெத்தையைச் சுவரோடு சாய்த்துவைத்து, கணினியில் பதிவுசெய்வாள். கணவன் கொலின்ஸ் ஓட்டோவின் கூரையில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போவான். பின்னணிக்கு அவளிடம் இரண்டே இசைகள்தான் இருந்தன. நல்ல காரியத்துக்குத் துள்ளுகிற கீபோர்ட். கெட்ட செய்திக்கு வயலின்.

அந்த வயலின் கேட்டால் சனம் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு வரும். கடற்காற்றில் பாதிச் சொல் பறந்துவிடும் என்பதால் இரண்டே விசயத்துக்குத்தான் காது கொடுக்கும். ஆர், எத்தனை மணிக்கு. மிச்சத்தை அங்கே போய் அறிந்துகொள்ளலாம்.

இப்போது அந்த இரண்டும் சுத்தமாகக் கேட்டன.

"...அருளப்பு மாஸ்டர்... இன்று பிற்பகல் நாலு மணிக்கு... பங்கு மண்டபத்தில்... அனைவரும்..."

அருளப்பு மாஸ்டர் கல்லுப்போல இருந்தார். நேற்றுப் பின்னேரம்தான் இந்த வீட்டுக் கதிரையில் இருந்து பிளேன்ரீ குடித்துவிட்டுப் போனார். பள்ளிக்கூட அதிபராக இருந்து ஓய்வுபெற்றவர். கடற்கரையில் பிள்ளைகளுக்கு ஒரு பூங்கா வேண்டுமென்று அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கிக்கொண்டிருப்பவர். இன்று, சனிக்கிழமை, அதற்காகக் கொழும்பிலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள். பொதுக்கூட்டம் வைத்துப் பார்ப்பார்கள். ஊர்ச் சனத்துக்கு அக்கறை இருந்தால் பூங்கா இங்கே. இல்லாவிட்டால் வேறு ஊருக்கு.

ஊர்ச் சனத்தின் அக்கறை போன கூட்டத்தில் தெரிந்திருந்தது. வந்தவர்கள் மாஸ்டர், மண்டபத்தைத் திறந்துவிட வந்த மாதா கோயில் மூப்பர், மழைக்கு ஒதுங்கிய இரண்டு கழுதைகள்.

"மண்டபத்தை நிறைச்சுக் காட்டு பிள்ளை," என்று மாஸ்டர் நேற்றுச் சொன்னார். "நிறைஞ்சால் இந்த வருசம் திருவிழா மைக் உனக்குத்தான்."

திருவிழாக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். மாதாவின் சொரூபக் கூடு வீதியைச் சுற்றி வரும்போது கூடவே நடந்து மைக்கில் சொல்கிற வேலைக்கு வருசா வருசம் வவுனியாவிலிருந்து ஓர் ஆம்பிளை வருவார். ஊருக்கு வந்து ஊர்த்தெருவின் பேரையே பிழையாகச் சொல்வார். நிறஞ்சலா அந்த வரிகளை அகப்பையைப் பிடித்துக்கொண்டு குசினியில் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்திருக்கிறாள். நேற்று அந்தச் சந்தோசத்தில் அவள் பிளேன்ரீக்குச் சீனி போட்டாளோ இல்லையோ தெரியாது. அவள் குசினிக்குள் நிற்க, மாஸ்டர் கணினிக்கு முன்னால் இருந்து பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டார். போகும்போது பென்ட்ரைவைக் கழற்றி அவள் கையில் வைத்து, "அருமை பிள்ளை, இனி ஒண்டும் மாத்தாத," என்று விட்டுப் போனார்.

அப்படி நம்பிய மனுசனைத்தான் அவள் கொன்றிருக்கிறாள். அவசரத்தில் எந்த இசைக்கான பொத்தானை அமத்தினாளோ.

கொலின்ஸுக்கு ஃபோன் எடுத்தாள். தலைக்கு மேலே ஒலிபெருக்கி அலறும்போது அவனுக்கு எங்கே கேட்கப்போகிறது. செருப்பையும் மாட்டாமல் சத்தம் வந்த திசைக்கு ஓடினாள். சந்தைக்குப் பக்கத்தில்தான் பிடிக்க முடிந்தது. கொலின்ஸின் கண் சிவந்திருந்தது.

"இஞ்சேரப்பா, நிப்பாட்டுங்கோ. மாஸ்டர் சாகேல்ல."

"நேற்றுக் கண்டனான் எண்டுதான் நானும் யோசிச்சனான். நேற்றுக் கண்ட ஆள் இண்டைக்குச் சாகக் கூடாதோ எண்டு மனதைத் தேத்திக்கொண்டு ஓடினன்."

"நான் என்ன சொல்லியிருக்கிறன் எண்டு கேக்கேல்லையோ? பூங்காக் கூட்டம் எண்டெல்லோ சொல்லியிருக்கிறன்."

"வயலின் கேட்டாப் பிறகு ஆர், நிறஞ்சி, சொல்லைக் கேக்கிறது?"

நிறஞ்சலா பதிவை நிறுத்தினாள். ஓட்டோவில் ஏறி மைக்கை நேரடியாகக் கையில் எடுத்தாள். "அன்பார்ந்த பொதுமக்களே, அருளப்பு மாஸ்டர் நல்ல சுகத்துடன் இருக்கிறார். எவரும் கலங்க வேண்டாம்."

மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை நிறுத்தினார். "மைக் போட்டுச் சொல்லுற அளவுக்கு ஆளுக்கு என்ன?"

"ஆசுப்பத்திரியில வைச்சிருக்கிறாங்கள் போல," என்றார் இறால் வாங்க வந்தவர். "கலங்க வேண்டாம் எண்டு சொன்னா முடிஞ்சுது."

அடுத்த சந்திக்கு ஓட்டோ போய்ச் சேருவதற்குள் கதை அதற்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. மாஸ்டர் விடிய மோசம் போனாராம், பெட்டிக்குள் வைக்கும்போது கண் முழித்தாராம், பிறகு திருப்பியும் கண்ணை மூடினாராம்.

ஆளையே ஏற்றி ஊரைச் சுற்றிக் காட்டினால் சரி என்று அவருக்கு ஃபோன் எடுத்தாள். நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. வீட்டுக்குப் போனார்கள். மனைவி காலமான பிறகு மாஸ்டர் தனி ஆள். கதவு பூட்டிக் கிடந்தது. வாசலில் பக்கத்து வீட்டு மதலேனா வெள்ளைத் துணி கட்டிக்கொண்டிருந்தாள். வேலிச் சண்டையில் அவள் மாஸ்டரோடு முகம் பார்த்துக் கதைத்து வருசக்கணக்காகிவிட்டது.

"மதலேனாக்கா, அவிழுங்கோ அதை. மாஸ்டர் இருக்கிறார்."

"இருப்பார் பிள்ளை, எங்கட மனசுக்குள்ள எண்டைக்கும் இருப்பார்," என்று மதலேனா முடிச்சை இறுக்கினாள். "தங்கமான மனுசன்."

"போன கிழமை அவரை நீங்கள் வேறயென்னவோ எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"அது உயிரோட இருக்கேக்க."

அப்போதுதான் கோயில் துக்க மணி அடிக்கத் தொடங்கியது. ஒவ்வொரு அடிக்கும் இடையில் நீளமாக ஒரு மௌனம். நிறஞ்சலா ஓட்டோவைக் கோயிலுக்கு விடச் சொன்னாள். துக்க மணி கேட்டால் அன்றைக்கு எந்த வள்ளமும் கடலுக்கு இறங்காது. இறங்கிய வள்ளமும் திரும்பி வரும்.

மூப்பர் எமிலியானுஸ் மணிக் கயிற்றைக் கையில் பிடித்தபடியே அவளைப் பார்த்தார்.

"ஆர் மூப்பர் உங்களை அடிக்கச் சொன்னது?"

"நீதான். உன்ர குரல் கேட்டுத்தானே அடிச்சனான். நீ சொல்லி இந்த ஊரில ஆர் சாகாமல் இருந்தது?"

"இது பிழையாப் போச்சு. மாஸ்டர் உயிரோட இருக்கிறார். அடிச்ச மணியைத் திரும்ப எடுக்க ஏலாதோ?"

மூப்பர் கயிற்றை அண்ணாந்து பார்த்து யோசித்தார். "மணியை எப்பிடி எடுக்கிறது? வேணுமெண்டா சந்தோச மணியை அடிச்சு விடுறன். அது இதை வெட்டும்."

அடித்தார். கொடியேற்றத்துக்கு அடிப்பதுபோல இரண்டு கையாலும் துள்ளித் துள்ளி அடித்தார். திருவிழாக் கணக்கு விசயத்தில் மூப்பருக்கும் மாஸ்டருக்கும் ஆகாது என்பது ஊர் அறிந்த சங்கதி. வள்ளத்தைக் கரையில் இழுத்துவிட்டு வேலையில்லாமல் நின்ற பெடியள் கோயில் கேற்றடிக்கு வந்துவிட்டார்கள்.

"மாஸ்டர் செத்ததுக்குத் திருவிழா மணியோ, மூப்பர்?" என்று கேட்டான் ஒருவன். சத்தம் போடாமல்தான் கேட்டான். அதுதான் பயமாக இருந்தது.

மூப்பர் மறுபடியும் துக்க மணியை எடுத்தார். பயத்தில், முதல் அடித்ததைவிட நீளமாகவும் உருக்கமாகவும் அடித்தார்.

"ஆளைக் காட்ட ஏலாட்டி ஆளின்ர படத்தையாவது காட்டுவம்," என்றான் கொலின்ஸ். கூட்டத்துக்கு அடித்த பதாகையில் மாஸ்டர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிக்கிற முகத்தைப் பார்த்தால் சனத்துக்கு விளங்கிவிடும். அதை ஓட்டோவின் முன்பக்கத்தில் கட்டினார்கள். வெறும் படமாகப் போனால் வரவேற்புப்போல இராது என்று கொலின்ஸுக்குத் தோன்றியது. ஜெயகௌரியின் பூக்கடையில் நிறுத்தினான்.

ஜெயகௌரி தமிழ்நாட்டு முகாமில் பிறந்து வளர்ந்து ஊர் திரும்பியவள். வவுனியா பஸ்ஸில் வருகிற பூவில் ஒரு வாளி விற்றாலே அவளுக்கு நல்ல நாள். இன்று கடை வாசல் முழுக்க வாளிகள். தலை நிமிராமல் மலர்வளையம் கட்டிக்கொண்டிருந்தாள்.

"நல்லகாலம், உன்னட்டப் பூ இருந்தது," என்றாள் நிறஞ்சலா.

"உக்காரக்கூட நேரமில்லக்கா. இந்த மாலைய எடுத்துக்குங்க, பெருசு."

மாலை போட்ட படத்தோடு ஓட்டோ கடைத்தெருவுக்குள் நுழைந்ததும் கடைக்காரர்கள் கதவைப் பாதி இறக்கினார்கள். தலைமன்னார் பஸ் ஓரம் கட்டி நின்றது. கொண்டக்டர் இறங்கிச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். நிறஞ்சலா மைக்கில் எதையோ சொல்ல வாயெடுத்தாள். தெருவில் நின்றவர்கள் விரலை உதட்டில் வைத்து, "சத்தம் போடாதேங்கோ பிள்ளை, இந்த நேரத்தில," என்றார்கள்.

பாலத்தடியில் ஒரு கழுதை மட்டும் கிட்ட வந்து, மாலையை இழுத்து எடுத்து, நின்று நிதானமாகத் தின்றது. அந்த ஊரில் மாஸ்டர் சாகவில்லை என்று விளங்கியது அதற்கு ஒன்றுக்குத்தான்.

நாலு மணிக்குப் பங்கு மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. கதிரைகள் நிறைந்து, யன்னல்கள் நிறைந்து, வெளியே வேம்பின் கீழும் சனம். ஓலைத்தொடுவாயிலிருந்து ஒரு லொறி நிறைய வந்திருந்தார்கள். எல்லோரும் வெள்ளை உடுப்பில். மேடையில் புத்தகத் தமிழ் மட்டும் தெரிந்த கொழும்பு அதிகாரியம்மா வாயைத் திறந்தபடி இருந்தார். நிறஞ்சலா மைக்கைப் பிடித்துக்கொண்டு மேடை மூலையில் நின்றாள். திருவிழா மைக் கடலோடு போய்விட்டது என்று அவளுக்குத் தெரியும். இனி ஒரு நாய்க்குத் தடுப்பூசி போடுவதைக்கூட அவள் சொல்லி ஒருவரும் நம்பப்போவதில்லை.

பெட்டி எங்கே என்று தேடிய மதலேனா, காணாமல் மேடையில் மாட்டியிருந்த பதாகையைக் கட்டிப் பிடித்தாள்.

"என்ர ராசா, நான் பாவி. உங்கட காணிக்குள்ள ஒரு முழம் தள்ளித்தான் வேலி போட்டனான். இதை உங்களிட்டச் சொல்லாமலே அனுப்பிப்போட்டனே."

"கேட்டுக்கொண்டுதான் நிக்கிறன், மதலேனா," என்றது பக்கவாசலில் ஒரு குரல். "நாளைக்கே தள்ளிப் போட்டுவிடு."

அருளப்பு மாஸ்டர் நின்றார். மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. யாரோ ஒருவரின் கையிலிருந்து மலர்வளையம் விழுந்து, மேடை வரைக்கும் உருண்டு வந்து படுத்தது.

மாஸ்டர் மேடையில் ஏறினார். நிறஞ்சலா மைக்கை நீட்டினாள். "சேர், பிழை என்ர. நான்..."

"பிறகு கதைப்பம் பிள்ளை." அவர் சனத்தைப் பார்த்தார். "நான் கூப்பிட்ட கூட்டம் ஒண்டுக்கும் வராத நீங்கள், நான் செத்துப்போட்டன் எண்டு கேட்டு ஓடி வந்திருக்கிறியள். நெஞ்சு நிறைஞ்சு போச்சு. அழுத கண்ணோட ஒருத்தரும் உடன திரும்பிப் போகக் கூடாது. இருங்கோ."

போவதற்கு ஒருவருக்கும் முகம் இருக்கவில்லை. யாருக்காக ஒப்பாரி வைத்தார்களோ அந்த மனுசனே முன்னால் நின்று கேட்கும்போது எப்படி எழும்பிப் போவது? பூங்கா வேண்டுமோ என்றார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. நாளைக்குக் கடற்கரையைத் துப்புரவாக்க ஆர் வருகிறது என்றார். மூப்பர்தான் முதல் கையைத் தூக்கினார். இரண்டு கையையும் தூக்கினார்.

"இப்படி ஒரு சனத்தை நான் எந்த மாவட்டத்திலும் கண்டதில்லை," என்று அதிகாரியம்மா எழுந்து நின்று சொன்னார். "பூங்கா இங்கேதான். ஆனால் ஏன் எல்லோரும் மலர்வளையத்தோடு?"

"எங்கட ஊர் வழக்கம் அம்மா. பெரிய ஆக்கள் வந்தால் இதுதான்," என்றார் மாஸ்டர். காலடியில் கிடந்ததை எடுத்துத் தூசி தட்டி அவரிடம் கொடுத்தார். அதிகாரியம்மா அதை நெஞ்சோடு அணைத்துப் படத்துக்கு நின்றார்.

கூட்டம் கலைந்த பிறகு நிறஞ்சலா அழுதே விட்டாள். "சேர், உயிரோட இருந்த உங்களை ஊர் முழுக்கச் சாகடிச்சுப் போட்டன். என்னை மன்னியுங்கோ."

மாஸ்டர் அவளுடைய தலையில் கைவைத்தார். "பிழை ஆருக்கும் வரும் பிள்ளை. நான் மன்னிச்சிட்டன். திருவிழா மைக் உனக்குத்தான், சொன்னால் சொன்னதுதான். ஒண்டு மட்டும், பூங்காக் குழுவுக்குச் செயலாளர் ஒராள் வேணும். ஒருத்தரும் ஓம் எண்டுகினம் இல்லை."

"நான் செய்யிறன் சேர். எத்தினை வருசமெண்டாலும் செய்யிறன்."

மாஸ்டர் தலையாட்டிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்துப் புறப்பட்டார். அவர் திரும்பி மறையும் வரைக்கும் நிறஞ்சலா கைகூப்பிக்கொண்டே நின்றாள். ஜெயகௌரி மண்டப வாசலில் காலி வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பாத்தியே ஜெயகௌரி, எவ்வளவு பெரிய மனசு. இப்பிடி ஒரு மனுசனை எங்க காணுறது?"

"ஆமாக்கா, எனக்கும் அவராலதான் இன்னிக்கு யாவாரம்," என்றாள் ஜெயகௌரி. "சனிக்கிழமை மலர்வளையத்துக்கு நெறைய ஆள் வரும், பூவக் கூடுதலா எடுத்து வைன்னு முந்தாநாளே கடைக்கு வந்து சொல்லிட்டுப் போனாரே."