சிந்து வாங்கிய கிரைண்டரும் எங்கள் சங்கத்து மனுவும்

ஒக்கலிபுரம், பெங்களூர்
12.11.2001

மதிப்பிற்குரிய சம்பந்தி உத்தமன் அவர்களுக்கு, கணேசமூர்த்தி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் மாப்பிள்ளை பாலகுமாரும் மகள் சிந்துவும் சுகம். ஆம்பூரில் தாங்களும் சம்பந்தியம்மாளும் அவர்களுடைய முழங்காலும் சுகம்தானே. அத்திபெலே விஷயம் வேறு யார் வாயாலாவது உங்கள் காதுக்கு வருமுன் நானே எழுதிவிடுவது முறை என்று பட்டது.

என் கடையில் மிக்ஸி, கிரைண்டர் விற்பது தாங்கள் அறிந்ததே. ஆகஸ்டில் ஷங்கர் என்றொரு கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் வந்து, ஒரு கிரைண்டரைக் காட்டி மாவு அரைத்துப் பார்க்க வேண்டும் என்றார். அரிசியும் உளுந்தும் வீட்டிலேயே ஊறவைத்துக் கொண்டுவந்திருந்தார். முக்கால் மணி நேரம் அரைத்துக் காட்டினேன். மாவைத் தூக்குச்சட்டியில் வழித்துக்கொண்டு, இதே கிரைண்டர் இன்டர்நெட்டில் விற்பனை வரி இல்லாமல் கிடைக்கிறது, அங்கேயே வாங்கிக்கொள்கிறேன் என்று நன்றி சொல்லிப் போய்விட்டார். நான் வாடகை கட்டி, போர்டு மாட்டி, ஒவ்வொரு பொருளுக்கும் வரி வாங்கி அரசாங்கத்துக்குக் கட்டுகிறேன். கடையே இல்லாதவனுக்கு வரியும் இல்லையா? எங்கள் தெரு வியாபாரிகள் சங்கத்துக்கு நான் செயலாளர் என்பதால், இன்டர்நெட்டில் வாங்கினாலும் வரி உண்டு என்று ஆக்கக் கோரி மனு எழுதினேன். அதை அழகாக டைப் செய்து கொடுத்தது சிந்துதான். முடித்தபின், "இது நம்ம வீட்டுக்கும் பொருந்தும்ல மாமா?" என்று மட்டும் கேட்டாள். கடையைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்து, கண்டிப்பாகப் பொருந்தும் என்றேன்.

மனுவோடு நாங்கள் ஆறு பேர் அத்திபெலே சோதனைச் சாவடிக்குப் போனோம். தமிழ்நாட்டுச் சரக்கெல்லாம் அந்த வழியாகத்தான் நுழைகிறது. அங்கிருந்த அதிகாரி எங்களுக்கு டீ வரவழைத்தார். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சுவாமி, லாரின்னா நிறுத்தி கேட்கலாம். கம்ப்யூட்டருக்குள்ள நான் எங்க போய் கேட் போடறது?" என்றார். இன்டர்நெட்டில் வாங்குவதும் பார்சல் லாரியில்தானே வருகிறது, அதில் வரும் பெட்டிகளையாவது பிரித்துப் பாருங்கள் என்று நான்தான் வற்புறுத்தினேன். எங்கள் திருப்திக்காக, அப்போது வந்து நின்ற கோயம்புத்தூர் லாரியிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார்கள். உள்ளே சின்ன டேபிள் டாப் கிரைண்டர். வரி போட்ட பில் இல்லை. மேலே ஒட்டியிருந்த முகவரியை அதிகாரி உரக்கப் படித்தார்: திருமதி சிந்து பாலகுமார். பகலில் வீட்டில் ஆளிருக்காது என்பதால், கீழே என் கடை முகவரி.

சங்கத்து ஐவரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பெயரில் பெங்களூரில் பலர் இருக்கலாம் என்றேன். ஒரே கடையிலா என்று எங்கள் பொருளாளர் ஞானசேகரன் கேட்டார். 

சிந்துவுக்குப் போன் செய்தேன். அரை நாள் லீவு போட்டுவிட்டு பஸ்ஸில் வந்தாள். வரியையும் அபராதத்தையும் ஒரு வார்த்தை தர்க்கம் செய்யாமல் கட்டினாள், ரசீது வாங்கிப் பையில் வைத்தாள். சங்கத்தார் வேனில் இடமில்லை என்று சொல்லிவிட்டதால் நானும் அவளோடு பஸ்ஸில் திரும்பினேன். கிரைண்டர் என் மடியில் இருந்தது.  பொம்மசந்திரா தாண்டியதும் நானே, மாமனார் கடையில் இல்லாத கிரைண்டரா என்று கேட்டேன்.

"இல்ல மாமா. இந்தச் சின்னது வேணும்னு உங்ககிட்ட மூணு தடவை கேட்டேன். பொம்மை விக்கிற கடை இல்ல இதுன்னீங்க. நான் வரிக்காக வாங்கல, இடுப்பு வலிக்காக வாங்கினேன்."

கேட்டிருக்கிறாள். நான்தான் மறந்துவிட்டேன். பெரிய கிரைண்டரின் கல்லைத் தூக்கிக் கழுவுவது யார் என்று அதுவரை யோசித்ததுமில்லை. மறுநாள் அந்தப் பொம்மையில் அரைத்த மாவில் இட்லி வார்த்தாள். ஆறு சாப்பிட்டேன்.  இந்த வாரம் கடைக்கு நாலு டேபிள் டாப் வரவழைத்திருக்கிறேன்.

ஆனாலும் வரி விஷயத்தில் என் கொள்கையில் மாற்றமில்லை. வரி என்றால் தெருவுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கமாட்டேன். தங்கள் குடும்பத்தில் எல்லோரும் நோய்நொடியின்றி இருக்க அந்த ஆண்டவன் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி,
கணேசமூர்த்தி

பி.கு.: உறையை ஒட்டுமுன் ஒரு விஷயம். சிந்து நேற்று நம் கடையை இன்டர்நெட்டில் ஏற்றிவிட்டாள். இன்று காலையிலேயே சேலத்திலிருந்து ருக்மிணி என்றொரு அம்மாள், வரி உண்டா என்று விசாரித்திருக்கிறார். இது இப்போதுதான் முளைக்கிற தொழில், இதற்குள் வரியைப் போட்டு நசுக்கலாமா, இல்லை என்று எழுதிவிடு என்றேன். சிந்து முடியாது என்கிறாள். என் மனுவின் நகலை எடுத்துவைத்துக்கொண்டு அதிலிருந்தே படித்துக் காட்டுகிறாள். தாங்கள் பெற்றவர், கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள்.