மாவுச் சல்லடையும் பதினொரு மணி மீட்டிங்கும்

திண்டிவனம்,
16.7.2020, வியாழன்.

வணக்கத்துக்குரிய மச்சான் அருள்நாதன் சாமி அவர்களுக்கு, தங்கள் அக்கா புருஷன் சகாயராஜ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது.

இங்கே தங்கள் அக்கா இருதயசெல்வியும் பிள்ளைகள் இருவரும் இருமல், தும்மல் எதுவுமின்றி ஆண்டவர் கிருபையால் சுகம். விக்கிரவாண்டிப் பக்கம் தாங்களும் தங்கள் பங்குக் கோயில் மக்களும் சுகமாயிருக்க தினமும் செபமாலையில் வேண்டிக்கொள்கிறோம். நான் மட்டும் சுகமில்லை. அதற்குக் காரணம் கொரோனா அல்ல, தாங்கள்தான்.

போன் செய்யாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பீர்கள். இந்த இரண்டு அறை வீட்டில் நான் போனில் மூச்சு விட்டாலும் உங்கள் அக்கா காதில் விழும். அதனால் காய்கறி வண்டி ஓட்டும் தென்னரசு நாளைக்கு உங்கள் பக்கம் வரும்போது கொடுத்தனுப்புகிறேன். இதில் சில வரிகள் சாமிக்கு, சில வரிகள் மச்சானுக்கு. எது யாருக்கு என்று நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்.

மே மாதம் பெரியவள் ஜாக்குலின் முதல்முதலாக நற்கருணை வாங்க வேண்டிய புதுநன்மை, கோயிலை மூடியதால் நின்றுபோனது உங்களுக்குத் தெரியும். தைத்த வெள்ளைக் கவுனை பீரோவில் பார்த்துப் பார்த்துப் பிள்ளை அழுதாள். நீங்கள் ஆறுதல் சொல்கிறேன் என்று போனில், "அழாத கண்ணு, பாவசங்கீர்த்தனம் எப்புடிப் பண்றதுன்னு வீட்டுலயே பழகிக்கினு இரு" என்றீர்கள். பழகச் சொன்னீர்களே, பாவத்தைச் சொல்கிற பக்கமா, கேட்கிற பக்கமா, எந்தப் பக்கம் உட்கார்ந்து பழகுவது என்று சொன்னீர்களா? ஒன்பது வயசுப் பிள்ளை நேராகச் சாமியார் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். என் வெள்ளை வேட்டிதான் அங்கி. அக்காவின் ஊதா துப்பட்டா தோளில். முகத்தில் மாஸ்க். நடுவில் கம்பி வலை வேண்டுமே, அதற்கு அடுப்படியிலிருந்து மாவு சலிக்கிற சல்லடை. அதை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "அடுத்தது யாரு?" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

முதலில் போனவன் சின்னவன் ஆண்டோ. அஞ்சு வயசு. சர்க்கரை டப்பாவில் விரல் விட்டதையும், ஜாக்குலினின் அழிரப்பரைக் கடித்ததையும் சொல்லி மன்னிப்பு வாங்கினான். அவனுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய் மறுபடியும் வரிசையில் வந்து நின்றான். "இப்ப இன்னா பாவம்?" என்று இவள் கேட்க, கொஞ்ச நேரம் யோசித்தவன், "எங்கிட்ட தீந்துபோச்சி. இரு, பண்ணிக்கினு வர்றேன்" என்று அடுப்படிக்கு ஓடினான். உள்ளே ஏதோ கீழே விழுந்து உருண்ட சத்தம் கேட்டது. சந்தோஷமாகத் திரும்பி வந்து முழங்கால் போட்டான். அன்று மட்டும் நாலு தடவை. ராத்திரி நாங்கள் சட்டினி இல்லாமல் இட்லி சாப்பிட்டது அதனால்தான்.

போன சனிக்கிழமை என் முறை. ஏதாவது சின்னதாகச் சொல்லி எழுந்துவிடலாம் என்றுதான் போனேன். "சர்க்கரை திருடினேன் சாமி" என்றேன். "அத ஆண்டோ சொல்லிட்டான். உன்னோடத சொல்லு மகனே" என்றாள். பெற்ற மகள் என்னை மகனே என்கிறாள், மச்சான்! எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்துக்குப் பிறகு முழங்காலே போடாதவன், போட்டதும் பழக்கதோஷம், உள்ளே இருந்ததெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது.

அது என்னவென்று உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஊரடங்கு வந்ததும் எங்கள் டைல்ஸ் கம்பெனி மேனேஜர் தினமும் பதினொரு மணிக்கு விற்பனை ஆட்களையெல்லாம் போனில் கூப்பிட்டு மீட்டிங் போட்டார். மாடியில்தான் சிக்னல் கிடைக்கும் என்று நான் மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். இரண்டு வாரம் நடந்தது. அப்புறம் அவர் கூப்பிடவே இல்லை. ஆனால் நான் மாடிக்குப் போவதை நிறுத்தவில்லை. பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை தண்ணீர்த் தொட்டி நிழலில் தலையணை போட்டுப் படுத்துக்கொள்வேன். நடுநடுவே எழுந்து மாடிப்படி பக்கமாகத் திரும்பி, "ஓகே சார், பண்ணிடலாம் சார்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு மறுபடியும் படுப்பேன். கீழே ஆன்லைன் கிளாஸ், சண்டை, அழுகை, ஒன்றும் என்னைத் தொடாது. மூன்று மாதம், மச்சான். பொய்தான். ஆனால் என்னை யாரும் கூப்பிடுவதில்லை என்று வீட்டில் சொல்ல வெட்கமாயிருந்தது. அதையும் சல்லடையிடம் சொன்னேன்.

ஜாக்குலின் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "மூணு அருள்நிறை மந்திரம் சொல்லு. அப்பறம் என் கணக்கு நோட்டுல பதினேழாம் வாய்ப்பாடு எழுது" என்று அபராதம் கொடுத்தாள். எழுதிவிட்டேன். மனசு லேசாக இருந்தது. அந்த லேசு ஒரு ராத்திரிதான் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் போனில் பூசை பார்த்துக்கொண்டிருந்தோம். பிரசங்கம் நடுவில் நெட் நின்று, சாமியார் வாயைத் திறந்தபடியே உறைந்துபோனார். ஜாக்குலின் சும்மா இருப்பாளா? நாற்காலி மேல் ஏறிவிட்டாள். "அன்பார்ந்த சகோதர சகோதரிகளே! ஒரு ஊர்ல ஒரு அப்பா இருந்தாரு. பேரு சொல்ல மாட்டேன். பாவசங்கீர்த்தன ரகசியம். அவரு மீட்டிங்குன்னு பொய் சொல்லிட்டு மொட்ட மாடில தூங்கினாரு..." என்று ஆரம்பித்தாள். நான் கூரையைப் பார்த்தேன். ஆண்டோ இரண்டு கையையும் தூக்கி, "எனக்குத் தெரியும்! எனக்குத் தெரியும்! நம்ம அப்பா!" என்று குதித்தான்.

உங்கள் அக்கா கத்தியிருந்தால் பரவாயில்லை. "சரி" என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள். திங்கட்கிழமையிலிருந்து பதினொரு மணிக்கு நான் கீழே. ஒரு கையில் ஜாக்குலினின் கணக்கு கிளாஸ், இன்னொரு கையில் ஆண்டோ. அக்கா முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இட்லித் தட்டை நங்கென்று வைக்கிறாள். நான் இத்தனை வருஷத்தில் அவளிடம் வாங்கிய நல்ல பேரெல்லாம் போச்சு.

ஆகவே தாங்கள் தயவுசெய்து போனில் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ரகசியத்தை உடைத்தது ஜாக்குலின் குற்றம். விளையாட்டில் சொன்னதை நிஜத்தில் எடுத்துக்கொண்டது அக்கா குற்றம். பாவத்தை ஏற்கெனவே பதினேழாம் வாய்ப்பாட்டில் தீர்த்தவனை மறுபடி தண்டிக்கக்கூடாது. இப்படித் தாங்கள் சொன்னால் அக்கா உங்கள் பேச்சைத் தட்ட மாட்டாள். என்னிடம் பழையபடி பேச வேண்டும், அந்த இரண்டு மணி நேரம் எனக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

வயசில் மூத்தவன் என்கிற முறையில் என் ஆசீர்வாதம் உங்களுக்கு. சாமி என்கிற முறையில் உங்கள் ஆசீர்வாதம் எனக்கு. இரண்டும் நடுவழியில் மயிலம் கூட்டுரோட்டில் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
பாவி, ஆனால் அபராதம் முடித்தவன்,
சகாயராஜ்

பி.கு.: வெள்ளி காலை. தென்னரசு வண்டிக்குக் காத்துக்கொண்டிருந்தபோது அக்கா சல்லடை முன்னால் முழங்காலில் இருந்ததைப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டது பெரிய பாவம்தான். கேட்டதை யாரிடமும் சொல்லக்கூடாது, நீங்கள் சாமி என்பதால் சொல்கிறேன். "அவருக்கு மீட்டிங் இல்லன்னு எனக்கு ஏப்ரல்லயே தெரியும் சாமி. மேல போயி ஓகே சார், ஓகே சார்ங்கிறாரு, போனு இங்க ஃபிரிட்ஜ் மேல கெடக்குது. யாரும் கூப்புடறதில்லன்னு தெரிஞ்சிட்டா மனுஷன் மூஞ்சி தொங்கிடும்னுதான் தெரியாத மாரி இருந்தேன். அவரு மேல போற அந்த ரெண்டு மணி நேரந்தான் எனக்கும் நிம்மதி. புள்ளைங்க கிளாஸ்ல ஒக்காந்துடும், நான் மல்லாட்டைய வறுத்து வச்சிக்கினு, தோல ஊதி ஊதி தனியா துன்னுவேன். பொய் சொன்னதுக்கு எனக்குக் கோவமே இல்ல. இப்ப நாள் பூரா கீழயே கெடக்கறாரே, அதாங் கோவம்" என்றாள். ஜாக்குலின், "மூணு அருள்நிறை மந்திரம். அப்பறம் அவர மேல அனுப்பிடு மகளே" என்றாள்.

அதனால் போன் ஒன்றும் செய்ய வேண்டாம். தீர்ப்பும் வேண்டாம். இதைப் படித்ததும் கிழித்துவிடுங்கள். மணி பதினொன்று ஆகப்போகிறது. மாடிப்படி முதல் படியில் உங்கள் அக்கா நிற்கிறாள். "இன்னாங்க, மீட்டிங்குக்கு நேரமாவுது. இந்தாங்க, இன்னிக்காவது போனை எடுத்துக்கினு போங்க" என்கிறாள்.