அருவிக்குள் இரண்டு வீச்சு

என் வலது தோள்பட்டையை இரண்டாவது தடவை கெடுத்தது என் மச்சான் செல்லத்துரைதான். புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் ஏலம் கூறுகிறவர். என் மனைவியின் அண்ணன். என்னைவிட ஒன்றரை மாதம் மூத்தவர் என்பதால் ‘அவர்’ என்று எழுதுகிறேன். (மனதுக்குள் வேறு மாதிரிதான் வருகிறது.)

முதல் தடவை கெடுத்தது நானேதான். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் ஒரு கடையில் நான் பரோட்டா மாஸ்டர். நான்கு வருடத்துக்கு முன்னால், பங்குனி மாதம் ஒரு நாள் கடை திறக்கும்போது ஷட்டரை ஒற்றைக் கையால் ஏற்றினேன். தரையில் எண்ணெய் சிந்திக் கிடந்தது. கால் வழுக்கியது. ஷட்டரை விட்டுவிட்டு விழுந்திருந்தால் இடுப்பில் சின்ன அடியோடு போயிருக்கும். நான் விடவில்லை. ஒரு கையில் வௌவால் மாதிரித் தொங்கினேன். தோளுக்குள் ஏதோ பிய்ந்த மாதிரி இருந்தது.

அதற்கப்புறம் மாவை வீசக் கையைத் தலைக்கு மேல் தூக்கினாலே உள்ளே ‘க்ளக்’ என்று ஒரு சத்தம். திருநெல்வேலியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். தோள் குழி ஆழமில்லாத தட்டு மாதிரியாம். அதன் விளிம்பைச் சுற்றி ஒரு ஜவ்வு வளையம் இருக்கிறதாம், எலும்புப் பந்து வெளியே உருண்டுவிடாமல் பிடித்துக்கொள்ள. எனக்கு அந்த வளையம் ஒரு பக்கம் கிழிந்திருந்தது. ஆபரேஷன் வேண்டாம், சுற்றியுள்ள தசைகளைப் பலப்படுத்தினால் அவையே பிடித்துக்கொள்ளும், மூன்று மாதம் பயிற்சி செய்யுங்கள் என்றார் டாக்டர். குக்கர் மூடியின் கேஸ்கட் ஒரு பக்கம் பிய்ந்திருக்கிறது, மாற்றாமலே ஓட்டலாம் என்று நான் புரிந்துகொண்டேன்.

என் முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்குக் குற்றால சீசன் முக்கியம். “ஆடி அமாவாசைக்குள்ள நீரு பரோட்டாக் கல்லுக்கு வந்துரும். இல்லன்னா ராயகிரிக்காரரையே நிரந்தரமா வெச்சுக்கிடுவேன்,” என்றார். ராயகிரிக்காரர் என்பவர் எனக்குப் பதிலாக வந்த மாஸ்டர். மோசமில்லை, நன்றாகவே வீசுவார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தென்காசியில் பிசியோதெரபி பார்க்கிற அம்மாவிடம் சேர்ந்தேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஆனால் அவர் முன்னால் நிற்கும்போது வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பையன் மாதிரி இருக்கும். முதல் இரண்டு வாரம், மேஜையில் இடது கையை ஊன்றிக் குனிந்துகொண்டு வலது கையைத் தொங்கவிட்டு லேசாக ஆட்ட வேண்டும். நான் அதை வாசலில் செய்தேன். எதிர் வீட்டு டீச்சர் தினமும் காலையில், “என்னண்ணே தேடுதீய?” என்று கேட்பார். ஒரு நாள் அவரும் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார்.

அப்புறம் சுவரைத் தள்ளினேன். அப்புறம் ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டி இழுத்தேன். முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொள்ள வேண்டும். துண்டு கீழே விழுந்தால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து. முப்பது கிலோ மாவை ஒற்றை ஆளாகப் பிசைந்தவன், ஒரு துண்டு விழாமல் இருக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் மனைவி செல்வி அடுப்படியிலிருந்தே எண்ணுவாள். துண்டு விழும் சத்தம் அவளுக்கு எப்படித்தான் கேட்குமோ தெரியாது.

எட்டு வாரத்தில் ‘க்ளக்’ நின்றுவிட்டது. அடுத்து என்ன என்று பிசியோ அம்மா திட்டம் போட்டிருந்தார். பத்தாவது வாரம் கைக்குட்டையை வீசிப் பழக வேண்டும். பிறகு உலர்ந்த துண்டு. பிறகு ஈரத்துண்டு. கடைசியில் மாவு. நாங்கள் தொழில் பழகும்போதும் ஈரத்துணியை வீசித்தான் பழகுவோம் என்று நான்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். எனக்கு ஒரே பெருமை.

ஒன்பதாவது வாரம் சாரல் ஆரம்பித்தது. மச்சான் வந்து இறங்கினார்.

“என்ன மாப்ளே, ஜன்னலை இழுத்துக்கிட்டுக் கெடக்கீரு. அருவியில அரை மணி நேரம் நில்லும். தோளு தானா வழிக்கு வரும்.”

நான் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிசியோ அம்மாவுக்குப் போன் போட்டு அனுமதி கேட்டேன். “குளிங்க அண்ணாச்சி. தண்ணி தோள்ல நேரா விழக் கூடாது. கையைத் தலைக்கு மேல தூக்கக் கூடாது. ரெண்டே ரெண்டுதான்,” என்றார். எண்ணெய் தேய்த்துவிடுகிறவரிடம் மச்சான் என்னை இழுத்துக்கொண்டு போனபோதும் உறுதியாக மறுத்துவிட்டேன். மச்சான் தேய்த்துக்கொண்டு, வறுத்த மீன் மாதிரி பளபளவென்று வந்தார்.

மெயின் அருவியில் சரியான கூட்டம். நான் ஓரமாக நின்றேன். இடது பக்கத்தை மட்டும் தண்ணீருக்குக் காட்டினேன். வலது கையை வயிற்றோடு ஒட்டி, அதில் துண்டைப் பிடித்திருந்தேன். மச்சான் எனக்குப் பின்னால் எங்கேயோ இருந்தார். அருவிக்குள் பக்கத்தில் நிற்பவன் பேசினாலே காதில் விழாது. ஆனால் அந்தக் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

“மாஸ்டரு... ஒரு வீச்சு.”

எனக்கு முன்னால் குளித்துக்கொண்டிருந்த நாலைந்து பேர் திரும்பினார்கள். எல்லாம் எங்கள் கடைக்கு வருகிறவர்கள். “ஏ, நம்ம பரோட்டாக்கடை அண்ணாச்சில்லா,” என்றான் ஒருத்தன். இன்னொருத்தன் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த போனைத் தூக்கினான்.

அந்த இடத்தில் புத்தியுள்ள மனிதன் என்ன செய்வான்? சிரித்துவிட்டு, கை சரியில்லை தம்பி என்பான். ஒன்பது வாரமாக என்னை யாரும் மாஸ்டர் என்று கூப்பிட்டிருக்கவில்லை. நான் துண்டை இரண்டு கையாலும் விரித்தேன்.

முதல் வீச்சு அருமையாக வந்தது. துண்டு வட்டமாக விரிந்து, தண்ணீரைச் சிதறடித்துவிட்டுத் திரும்ப என் கைக்கே வந்தது. கை தட்டினார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

இரண்டாவது வீச்சை இன்னும் உயரமாகப் போட்டேன். அது நேராக அருவிக்குள் போனது. மலை மேலிருந்து விழுகிற தண்ணீர் முழுவதும் என் துண்டின் மேல் விழுந்தது. விட்டிருக்கலாம். ஆனால் வீசிய மாவை மாஸ்டர் விடமாட்டான், கை பழகியது அப்படி. (ஷட்டரையும் விடாதவன்தானே.) தண்ணீர் கீழே இழுத்தது. ‘க்ளக்’ என்று, நின்றே போயிருந்த அந்தச் சத்தம், அத்தனை இரைச்சலிலும் கேட்டது. துண்டு பறந்து போய் ஒரு தடித்த ஆலங்குளத்துக்காரரின் முகத்தைச் சுற்றிக்கொண்டது. கண் தெரியாமல் தடுமாறியவர் விழாமல் இருக்கப் பக்கத்தில் எது அகப்பட்டதோ அதைப் பிடித்தார். அகப்பட்டது என் வலது கை.

நான் போட்ட கத்தலில் போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டு வந்தார். மச்சான் என்னை வெளியே கூட்டி வந்து, அந்த ஈரத்துண்டையே மடித்துக் கழுத்திலிருந்து கைக்குத் தூளியாகக் கட்டினார். மார்க்கெட்டில் விடிந்ததிலிருந்து வாய் மூடாத மனிதர் அன்றைக்குப் பேசவில்லை. குற்றமுள்ள மனசு இல்லாமல் அது எப்படி?

பிசியோ அம்மாவிடம் பாத்ரூமில் வழுக்கிவிட்டேன் என்று சொல்ல முடிவு செய்தேன். போய்ச் சொன்னேன். அவர் போனை எடுத்து என் பக்கம் திருப்பினார். வீடியோ அதற்குள் தென்காசி முழுக்கச் சுற்றியிருந்தது.

“பாத்ரூம் ரொம்பப் பெரிசா இருக்கே அண்ணாச்சி,” என்றார்.

அப்புறம் அதை மெதுவாக ஓட்டி, இரண்டாவது வீச்சில் என் தோள்பட்டை எலும்பு பின்னால் நிற்காமல் தோளோடு முன்னால் ஓடிவிட்டது என்று விரலை வைத்துக் காட்டினார். வீடியோவில் ‘மாஸ்டரு’ என்ற அந்தக் குரல் இல்லை. குரல் கேட்ட பிறகுதான் படம் ஆரம்பிக்கிறது. என் துரதிர்ஷ்டம்.

திருநெல்வேலி டாக்டர் மறுபடி பார்த்தார். அவர் வாயைத் திறக்கும்வரை எனக்கு உயிரில்லை. கிழிசல் பெரிதாகவில்லை, இப்போதும் ஆபரேஷன் தேவையில்லை, ஆனால் பயிற்சி முதல் வாரத்திலிருந்து என்றார். அதாவது மறுபடி வாசல், மறுபடி குனிந்து கை ஆட்டல். எதிர் வீட்டு டீச்சர், “இன்னும் கெடைக்கலையா?” என்றார்.

ஆடி அமாவாசை வந்தது. ராயகிரிக்காரர் கல்லில் நின்று வீசிக்கொண்டிருந்தார். நான் இடது கையால் சால்னா ஊற்றிக்கொண்டிருந்தேன். வந்தவர்களில் பாதிப் பேர் வீடியோ பார்த்தவர்கள். சால்னா போதுமா என்று கேட்டால், துண்டு எங்கே என்று கேட்டார்கள்.

இந்தத் தடவை அவசரப்படவில்லை. துண்டு விழுந்தால் ஒன்றிலிருந்து எண்ணினேன். கைக்குட்டை, உலர்ந்த துண்டு, ஈரத்துண்டு எல்லாம் வரிசைப்படி வந்தது. ஐப்பசியில் பிசியோ அம்மாவே கடைக்கு வந்து உட்கார்ந்து, “முதுகைக் காட்டி நின்னு வீசுங்க,” என்றார். முதல் பரோட்டாவை முதுகைக் காட்டிக்கொண்டே போட்டேன். தோள்பட்டை எலும்பைப் பார்த்தபடியே அதைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, சரி என்று தலையாட்டினார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூடக் கிடைக்கவில்லை. (செல்வி இதைப் படிக்க மாட்டாள் என்று நம்புகிறேன்.)

கல் என்ன ஆயிற்று என்றால், முதலாளி இரண்டாவது கல் போட்டுவிட்டார். ராயகிரிக்காரரும் நானும் இப்போது பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறோம். ஷட்டர் கொண்டியில் இரண்டு ரப்பர் பட்டைகள் தொங்குகின்றன. ஒன்று அவருடையது. அவருக்கும் தோள் வலிக்க ஆரம்பித்திருந்தது. ஷட்டரை இருவரும் சேர்ந்து இரண்டு கையாலும் ஏற்றுகிறோம். கை நன்றாக இருக்கிறது, வீடு நன்றாக இருக்கிறது, குறை ஒன்றுமில்லை.

ஒன்றைத் தவிர. காதுகுத்தோ கிரகப்பிரவேசமோ, எங்கள் வீட்டு ஆட்கள் கூடினால் யாராவது என் கையில் ஒரு ஈரத்துண்டைத் திணிக்காமல் இருப்பதில்லை. பேசத் தெரியாத குழந்தைகூட என்னைப் பார்த்தால் கையைச் சுழற்றுகிறது. இதை எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தவர் மச்சான்தான். ஆனால் அந்தக் குரல் அவருடையதா என்று கேட்டால் மட்டும், “கூட்டத்துல எவனோ கூப்பிட்டிருப்பான் மாப்ளே,” என்று நழுவுகிறார். செல்வியிடம் நியாயம் கேட்டேன். “கூப்பிட்டது யாரா இருந்தா என்ன? வீசுன கை யாருது?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

சரி, கை என்னுடையது. எழுத்திலேயே ஒப்புக்கொண்டுவிட்டேன். இனி மச்சானின் முறை. கடைக்கு வருகிறவர்கள் என்னை அண்ணாச்சி என்பார்கள். ‘மாஸ்டரு’ என்று இழுத்துக் கேலி செய்கிறவர் உலகத்தில் ஒருவர்தான். சீசனில் மெயின் அருவியின் இரைச்சலைத் தாண்டிக் கேட்கிற தொண்டை, மூட்டை மூட்டையாக எலுமிச்சைக்கு ஏலம் கூறிப் பழகிய தொண்டையாகத்தான் இருக்க வேண்டும். மச்சான், வருகிற தை மாதம் உங்கள் மகள் கல்யாணம். மண்டபத்தில் மைக் இருக்கும், சொந்தபந்தம் எல்லாம் இருக்கும், பிசியோ அம்மாவுக்கும் நானே பத்திரிகை வைத்திருக்கிறேன். சாப்பாட்டுக்கு முன்னால் மேடையேறி எல்லார் முன்னிலையிலும் பதில் சொல்லுங்கள் மச்சான்: அன்றைக்கு அருவியில் கூப்பிட்டது நீங்களா, இல்லையா?