முழுசும் அஞ்சு பேரும்

வலையில் ஒரே ஒரு முடிச்சை விட்டுவிட்டவன்கூட விஞ்ஞானி இல்லை என்பது அவனுடைய கொள்கை. ஆய்வுக்கூடத்தில் அவனுக்கு ‘முழுசு’ என்று பெயர்.

பத்துக் கோடி தொலைபேசி எண்கள். யார் யாரை அழைத்தார்கள் என்ற வலை. அதில் மோசடி எண்களைக் கண்டுபிடிக்க கிராஃப் நியூரல் நெட்வொர்க் என்றொரு கணினி நிரல். ஒவ்வோர் எண்ணும் தன்னோடு பேசிய எல்லா எண்களையும் விசாரித்துவிட்டுத்தான் தான் யோக்கியனா என்று சொல்லும். வெள்ளிக்கிழமை ஆய்வுக்கூடத் தலைவி மேடம் முன்னால் ஓடிக் காட்டாவிட்டால், திட்டத்தில் அவனுக்கு இடமில்லை.

திங்கட்கிழமை மெமரி நிறைந்து மெஷின் படுத்துக்கொண்டது.

“ஒவ்வொரு நம்பரும் அக்கம்பக்கத்துல அஞ்சு பேரை மட்டும் கேக்கட்டுமே,” என்றாள் பக்கத்து மேஜைக்காரி.

“அது சோம்பேறிங்க பண்ற வேலை.”

அன்று மாலை அம்மாவும் ஃபோனில் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

“அக்காவுக்குக் குழந்தை பொறந்ததும் அஞ்சு பேருக்குத்தான்டா சொல்லப்போறேன். மிச்சம் பேருக்கு அவங்க சொல்லிடுவாங்க.”

“நூத்தறுபது சொந்தத்துல அஞ்சா? என்னம்மா அரைகுறை?”

“எல்லாருக்கும் நானே பேசினா என் தொண்டை என்னடா ஆகும்?”

செவ்வாய்க்கிழமை இடத்தை மிச்சப்படுத்த, எண்களில் தசமப் புள்ளிக்குப் பின்னால் இருந்ததை வெட்டினான். மெமரி கொஞ்சம் மிச்சமானது. ஆனால் விடையில் தீயணைப்பு நிலையம் மோசடிக் கும்பலானது. புதன்கிழமை வலையை அப்படியே பொது மெஷினின் பெரிய மெமரிக்கு மாற்றினான். மெஷின் உறைந்து, அதில் வேலை செய்துகொண்டிருந்த எட்டுப் பேரின் ஒரு வார வேலை போனது. எட்டுப் பேரும் அழைக்கத் தொடங்கவே, ஃபோனை அணைத்து டிராயரில் போட்டான்.

வியாழன் மதியம் வாசலில் காவலாளி சிரித்தார்.

“மாமா ஆயிட்டீங்களாமே சார். பொண்ணாம்.”

“உங்களுக்கு யாரு சொன்னா?”

“உங்க மாமியோட பக்கத்து வீட்டம்மா என் சம்சாரத்தோட வேலை பாக்குறாங்க. நேத்தே தெரியுமே.”

மேஜைக்கு ஓடிப்போய் ஃபோனை எடுத்து அம்மாவை அழைத்தான்.

“பாத்தியாம்மா உன் அஞ்சு பேர் லட்சணத்தை? வாட்ச்மேனுக்குத் தெரியுது. கூடப் பொறந்தவன் விட்டுப்போயிட்டேன்.”

“விட்டுப்போனியா? அந்த அஞ்சு பேர்ல ஒருத்தன் நீதான்டா. பதினேழு தடவை அடிச்சேன். உங்கப்பா பக்கத்து நாப்பது பேருக்கு நீ சொல்லுவேன்னு விட்டேன். ஒருத்தருக்கும் இன்னும் தெரியாது.”

அப்பா பக்கத்து நாற்பது பேரையும் அவன் ஃபோனில் பட்டியல் போட்டான். பெரியப்பாவில் ஆரம்பித்தான். அஞ்சாவது அழைப்பில், “மிச்சம் பேருக்கு நீங்க சொல்லிடுங்க அத்தை,” என்று வைத்தான்.

பிறகு கணினிப் பக்கம் திரும்பி, நிரலில் ‘எல்லாம்’ என்றிருந்த இடத்தில் 5 என்று அடித்தான். மெஷின் ஓடியது. மெமரி பாதிகூட நிறையவில்லை.

பக்கத்து மேஜைக்காரி எட்டிப் பார்த்தாள். “ஓடுதே. என்ன மாத்தின?”

திரையைக் கொஞ்சம் திருப்பி வைத்தான்.

“ஒண்ணுமில்ல. தொண்டை வலி.”