மூணு சீனியின் ரத்தம்

ரத்தப் பரிசோதனை முகாம் அன்று இருந்தவர்கள்: மலைக்குக் கீழேயிருந்து வந்த நர்ஸம்மா. காப்பிக்கடை காதர் பாய். எஸ்டேட்டில் கூலிக்குப் போகும் நான். அப்புறம் ஜீப்புக்கு அடியில், நட்டு முடுக்குவதுபோல் படுத்துக்கிடந்த மூணு சீனி.

தாண்டிக்குடி மலையில் அவரைப்போல் ஜீப் ஓட்ட இன்னொருவன் பிறக்கவில்லை. மேகம் இறங்கி ரோடு தெரியாத வளைவில் பீடி பற்றவைப்பார். ஊசியைக் கண்டால் மட்டும் கண் செருகிவிடும். வரக்காப்பிக்கு மூன்று கரண்டி சீனி. பேர் அப்படி வந்தது. பத்து வருடமாகச் சர்க்கரை வியாதி. “கிட்னி எப்படி இருக்குன்னு பாக்கணும். ரத்தம் குடுக்காம வீட்டுக்கு வராதீங்க” என்று அவர் மனைவி, எனக்கு மதினி, சொல்லி அனுப்பியிருந்தது.

“ஏலே, எம் பேரச் சொல்லி நீ கையக் குடு. ஒனக்கு மாடு மாதிரி ஒடம்பு.”

கொடுத்தேன். என் கையில் ஒட்டிய பஞ்சைப் பிய்த்துத் தன் கையில் ஒட்டிக்கொண்டார். வீடு வரைக்கும் முனகிக்கொண்டே போனார்.

நாலாம் நாள் மதினிக்குப் போன் வந்தது. சர்க்கரை முன்னூறு. கிரியேட்டினின் 1.6. அவ்வளவு இருக்கக் கூடாதாம், கிட்னி கெட ஆரம்பித்துவிட்டதாம். மதினி சீனி டப்பாவை ஒளித்தது. அவர் டப்பாவைத் தேடவில்லை. நேரே என் வீட்டுக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

“வெரசா கெளம்புலே. அது ஒன் ரத்தம்.”

போகும்போது மதினியிடம் உண்மையைச் சொன்னார். அகப்பையால் ஒன்று விழுந்தது.

“அப்ப ஒங்க ரத்தம் எங்க?”

“எங்கிட்டதான் பத்திரமா கெடக்கு.”

திண்டுக்கல் டாக்டர் எனக்கு மாத்திரை எழுதினார். “நல்லவேள, ஆரம்பத்துலயே வந்துட்டீங்க. இதுக்கு வலி வராது. ரத்தந்தான் மொதல்ல சொல்லும்.”

“எனக்கும் வலி இல்ல” என்று சந்தோஷமாக ஜீப்பை எடுத்தார் மூணு சீனி. வழியில் கடைக்குக் கடை ஒரே பேச்சு. “தம்பிக்குச் சீனி போடாதீங்க. அதையும் எனக்குப் போடுங்க.”

அடுத்த மழைக்கு அவருக்குக் கால் வீங்கியது. செருப்பு நுழையவில்லை. பிறகு மூச்சு வாங்கியது. அப்போதுதான் கையை நீட்டினார். கிரியேட்டினின் ஒன்பதைத் தாண்டியிருந்தது. வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். நான் கூடப் போவேன்.

“ஒத்த ஊசிக்குப் பயந்தேன்லே. இப்ப பாரு, ஊசியாக் கெடக்கு.”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

தை பிறக்குமுன் போய்விட்டார். காதர் பாய் இன்னும் என் காப்பியில் சீனி போடுவதில்லை.

போன வாரம் ரத்தம் கொடுத்தேன், என் பேரைச் சொல்லி. அவர் இருந்திருந்தால் எவ்வளவு என்று முதலில் கேட்டிருப்பார். இன்று முடிவு வந்தது. ஏறவில்லை.

1.6.