நூற்றுப் பதினேழு வேஷங்களும் நாலரை மணி ராகு காலமும்

யாருக்கும் 'இல்லை' என்று சொல்ல வராத ஆள் நான். ரொம்ப நாள் அதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது வியாதி என்று என் இருபத்திரண்டாவது வயதில், அக்காவின் நிச்சயதார்த்தத்தன்று தெரிந்தது.

எண்பதுகளின் நடுவில் பெரியப்பா மகன் பிரான்சிலிருந்து லீவில் எங்கள் ஊரான பாகூருக்கு வந்தான். (பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிட்டார்.) மற்ற வீடுகளுக்கு சென்ட் பாட்டில் கொடுத்தவன், எங்கள் வீட்டுக்கு மட்டும் ஓர் அட்டைப்பெட்டி விளையாட்டைக் கொடுத்தான். உள்ளே ஒரு புத்தகம், தினுசு தினுசாக ஆறு பகடைகள். கட்டம் போட்ட பலகை கிடையாது. ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, 'நான் கதவை உடைக்கிறேன்', 'நான் பூதத்தை வெட்டுகிறேன்' என்று வாயாலேயே சாகசம் செய்ய வேண்டும். செய்தது பலித்ததா என்று பகடையை உருட்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வேஷத்துக்கும் ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு சக்தி உண்டு.

புத்தகத்தில் இருந்தது மொத்தமே ஆறு வேஷம். வாள்வீரன், வில்லாளி, மந்திரவாதி, பூசாரி, திருடன், குள்ளன். அண்ணன் விமானம் ஏறியதும் கதை சொல்லும் பதவியை நானே எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் பிரெஞ்சு படித்து, இரண்டு வருஷமும் ஃபெயிலானவன் என்ற தகுதி போதாதா?

முதல் ஞாயிற்றுக்கிழமையே தெருப் பையன்கள் தகராறு செய்தார்கள்.

"வில்லாளியா? இந்த ஊர்ல எவன்டா வில்லு வச்சிருக்கான்? கரும்பு வண்டிக்காரன்னு போடு."

போட்டேன். சக்தி ஐந்து.

"அவனுக்கு அஞ்சுன்னா, டிராக்டர் ஓட்டுற எனக்கு இன்னாடா?"

ஆறு போட்டேன். வண்டிக்காரன் திரும்பி வந்தான். "டிராக்டர் சேத்துல மாட்டினா எம்மாடுதான வந்து இழுக்குது?" அவனுக்கு ஏழு.

இப்படியே மூன்று மாதத்தில் ஒரு நீள நோட்டு கிட்டத்தட்ட நிரம்பியது. தேள்கடிக்கு மந்திரிக்கிறவர், பார்வையாலேயே மாட்டுக்குப் பல் எண்ணுகிறவர், கை காட்டாமலே கடலூர் பஸ்ஸை நிறுத்துகிறவன் (எங்கள் ஊரில் இதற்கு மேல் ஒரு சக்தி கிடையாது) என்று நூற்றுப் பதினேழு வேஷங்கள். ஒவ்வொரு ஞாயிறும் வேஷம் தேடுவதிலேயே பொழுது சாய்ந்துவிடும். "ஆட்டத்த அடுத்த வாரம் வச்சிக்கலாம்டா" என்று கலைந்துவிடுவோம். பகடையை ஒருத்தனும் கையால் தொட்டது கிடையாது.

இப்போது அக்காவுக்கு வருகிறேன். சரோஜா அக்காவுக்கு அப்போது இருபத்தெட்டு. நட்சத்திரம் சரியில்லை என்று நாலு வரன் தட்டிப்போயிருந்தது. ஐந்தாவதாக வந்தவர் தனசேகரன். தவளக்குப்பத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். அக்கா அவர் போட்டோவை வாங்கிப் பார்த்தாள். போட்டோ கவருக்குத் திரும்பிப் போகவில்லை. அதைப் பார்த்த நாள் முதல், இது எப்படியாவது அமையவேண்டும் என்று வேண்டிக்கொண்டே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குத் தட்டு மாற்றுவதாக ஏற்பாடு. நாலரைக்கு ராகு காலம். மாப்பிள்ளை வீட்டார் இரண்டரைக்கே வந்துவிட்டார்கள். எங்கள் தாய்மாமன்தான் வரவில்லை. அவர் காட்டேரிக்குப்பத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வரவேண்டும். தாய்மாமன் இல்லாமல் எங்கள் வீட்டில் தட்டைத் தூக்கமாட்டார்கள்.

மணி மூன்றேகால். இரு தரப்பும் சுவரிலிருந்த காலண்டரையே வெறித்துக்கொண்டிருந்தது. அப்பா என்னிடம், 'எதையாவது பேசித் தொலையேன்டா' என்று கண்ணைக் காட்டினார். நான் உள்ளே போய்ப் பெட்டியையும் நோட்டையும் எடுத்துவந்தேன். (புத்தி எங்கே போயிற்று என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். எங்கேயும் போகவில்லை, அப்போது இருந்ததே அவ்வளவுதான்.)

மாப்பிள்ளை நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். நான் அவர் தோள்வழியே எட்டிப் பார்த்து மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். அப்பாவுக்கு ஒரே குஷி.

"எனக்கு அந்த மதகுக்காரன் வேஷத்தக் குடுடா. மதகத் தூக்கிவுட்டா எதிரி மொத்தமும் ஏரித் தண்ணில போயிடணும். சக்தி இன்னா?"

"எட்டுப்பா."

மாப்பிள்ளையின் மாமா வேணுகோபால் செருமினார். "கடைமடைக்காரன்னு ஏதாவது இருக்குதாப்பா?"

அங்கேதான் எனக்கு மணி அடித்திருக்க வேண்டும். அவர் நிலம் பாகூர் ஏரிப் பாசனத்தின் கடைக்கோடியில். எங்கள் நிலம் மதகை ஒட்டி. போன போகத்தில் அவருக்குத் தண்ணீர் எட்டவில்லை என்பது ஊருக்கே தெரியும். நான் பல்லைக் காட்டிக்கொண்டு, "இருக்குதுங்க, ஆறு" என்றேன்.

"ஏன் ஆறு? இங்கயும் கடசியா?"

மாப்பிள்ளை தான் படித்துக்கொண்டிருந்த பக்கத்தை விரலால் பிடித்துக்கொள்ள, நான் அவர் மடியிலேயே நோட்டைப் புரட்டி, அழித்து ஒன்பது போட்டேன்.

"டேய், மதகுல நான் நிக்காம கடைமடைக்கு ஏதுடா தண்ணி?" என்றார் அப்பா. அழித்துப் பத்து போட்டேன்.

"நீங்க நின்னுதாங்க போன வருசம் எம்பயிரு காஞ்சிது!"

பத்துக்கு மேல் போகக்கூடாது என்று பிரெஞ்சுப் புத்தகத்தில் இருந்தது. அது பிரான்சுக்காரன் கணக்கு, பாகூருக்குப் போதுமா? பதினொன்று போட்டேன். அப்பா முறைத்தார். பதிமூன்று. மாமா எழுந்து நின்றார். பதினைந்து. ரப்பர் தேய்ந்து காகிதத்தில் ஓட்டை விழுந்தது. அடுத்த பக்கத்துக்குப் போய் எழுதினேன்.

அப்பா பதினெட்டிலும், மாமா இருபத்தொன்றிலும் இருந்தபோது எங்கள் தாய்மாமன் வேர்க்க விறுவிறுக்க உள்ளே நுழைந்தார். மணி நாலேகால். அப்பாடா என்று மூச்சு விட்டேன். அவர் விவரம் கேட்டார், துண்டால் முகத்தைத் துடைத்தார், சப்பணம் போட்டு உட்கார்ந்தார். "அது கெடக்குது, எனக்கு இன்னா வேசம்டா வச்சிருக்க? பொண்ணுக்குத் தாய்மாமன் நானு, இவங்க ரெண்டு பேருக்கும் மேல இருக்கணும்" என்றார்.

மாப்பிள்ளையின் மாமா விடுவாரா? "நான் மட்டும் இன்னா, வழில போறவனா? மாப்ளைக்குத் தாய்மாமன்யா!"

யார் கத்தினார்கள், யார் கத்தவில்லை என்று எனக்கு நினைவில்லை. கதவு திறந்ததுதான் நினைவிருக்கிறது. மத்தியானத்திலிருந்து பட்டுப்புடவையில் உள்ளே உட்கார்ந்திருந்த அக்கா நிலைப்படியில் வந்து நின்றாள். "ஆட்டம் எப்ப ஆரம்பிக்கும்?" என்று கேட்டாள்.

எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தோம். நாலு முப்பத்தைந்து.

தாம்பாளத்தில் வெற்றிலை வாடிக்கிடந்தது. எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. மாப்பிள்ளையின் மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். "சேகரு, கெளம்புடா. இந்த வூட்டு சம்பந்தமே வாணாம்."

மாப்பிள்ளை நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இரு மாமா. நான் இன்னும் அறுவத்திமூணாவதுலதான் இருக்கேன்" என்றார். மாமா கையைப் பிடித்து இழுத்த பிறகும் நோட்டு அவர் கக்கத்தில்தான் இருந்தது.

அக்கா வாசல்வரை வந்தாள். "அது என் தம்பி நோட்டு. நீங்களே பத்திரமாக் கொண்டாந்து குடுங்க" என்றாள். அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். அவர்கள் போனதும் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. தனசேகரன் தனியாக வந்திருந்தார். நான் கையை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டிப் போய் நோட்டை அக்கா கையில் கொடுத்தார். கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்தில் புதிதாக ஒன்று இருந்தது.

'118. மதகுக்காரர் வீட்டு மாப்பிள்ளை. சக்தி: பூஜ்யம். திறமை: மாமனைச் சமாதானப்படுத்திவிட்டு, ஞாயிறு மூன்று மணிக்கு வந்து நிற்பார்.'

அக்கா இரண்டு தரம் படித்தாள். என் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவி, பூஜ்யத்தை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினாள்.

ஞாயிறன்று மூன்று மணி அடிக்கும்போது தட்டு மாற்றினார்கள். பெட்டியை அப்பா காலையிலேயே பரண்மேல் ஏற்றிவிட்டார். தாய்மாமன் முதல்நாள் ராத்திரியே வந்து படுத்திருந்தார்.

இன்றைக்கும் துணிக்கடையில் நான் இரண்டாவது சட்டையைப் பிரிக்கச் சொன்னால் போதும், "டேய், மணி நாலரை ஆவுது" என்பாள் அக்கா. அத்தான் பேரப்பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு, "அந்த ஆட்டத்துல ஜெயிச்சவன் நான் ஒருத்தன்தான்டா. அதுவும் பகடையத் தொடாமலே" என்று பெருமையடிப்பார்.

"சக்தி ஒண்ணு போட்டது நானு" என்று உள்ளேயிருந்து குரல் வரும். "அது ஞாபகம் இருக்கட்டும்."