கஞ்சிக்குள்ளே ஒரு பாதாம்

இந்த வருசம் நத்தாருக்கு நோர்வேக்குப் போறேல்லை எண்டு ஐப்பசியிலேயே முடிவெடுத்திட்டன். ஆம்பிளை எடுத்த முடிவு. மனிசி ஜெயமலரிட்டை மட்டும் சொல்லேல்லை.

காரணம் இருக்கு. அவவின்ரை தங்கச்சி பற்றிமா ஒஸ்லோவில ஒட்வார் எண்ட நோர்வேக்காரனைக் கட்டியிருக்கிறா. எனக்குச் சகலன். தங்கமான மனிசன், குறை சொல்ல ஏலாது. ஆனா அங்கை மத்தியானம் மூண்டு மணிக்கே இருட்டிப்போகும். பிறகு எல்லாரும் கைகோத்து, நத்தாருக்குச் சோடிச்ச கிறிஸ்மஸ் மரத்தைச் சுத்திச் சுத்திப் பாடிக்கொண்டு நடக்கவேணும். போன வருசம் தெரியாத பாட்டுக்கு வாயை அசைச்சுக்கொண்டு நானும் நடந்தன். திடீரெண்டு எல்லாரும் மற்றப் பக்கம் திரும்பிச்சினம். நான் திரும்பேல்லை. நேரை மரத்துக்குள்ள போயிட்டன்.

அதே நேரம் இஞ்சை ஜெர்மனியில, எசன் நகரத்தில சிதம்பரம் அண்ணை வீட்டில ஆட்டிறைச்சிக் கறி, சுடச்சுட இடியப்பம், முந்நூற்றிநாலு எண்ட சீட்டாட்டம். என்ரை கதிரையில வேறை ஆரோ இருந்து சீட்டுப் பிடிச்சிருக்கிறான். அதை நினைச்சால் இப்பவும் எனக்கு வயிறு எரியும்.

அதனால கார்த்திகைக் கடைசியில முதுகு பிடிச்சுப்போச்சு எண்டு படுத்திட்டன். பிளேனில குந்த ஏலாது எண்டு முனகினன். மனிசி பாவம், நம்பீட்டா. தைலம் பூசி உருவிவிட்டா. நான் தலையணைக்குள்ள முகத்தை வைச்சுச் சிரிச்சன்.

நத்தாருக்கு நாலைஞ்சு நாள் இருக்க வாசல் மணி அடிச்சுது. திறந்தால் பற்றிமாவும் ஒட்வாரும் சூட்கேசுகளோட நிக்கினம். அத்தானுக்கு வர ஏலாதெண்டால் நாங்கள் வாறம் எண்டு வெளிக்கிட்டு வந்திட்டினமாம். எனக்குத் தலையும் விளங்கேல்லை, வாலும் விளங்கேல்லை. முதுகைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சு வைச்சன்.

அதோடை விட்டினமே? இருபத்திநாலாம் திகதி காலமை, அடுத்த வருசம் கட்டாயம் நீங்கள்தான் ஒஸ்லோவுக்கு வரவேணும் எண்டு பற்றிமா தொடங்கினா. மனிசி தலையாட்டினா. யூனிவசிற்றியில படிக்கிற மகள் பிரபாலினியும் தலையாட்டினாள். என்ரை நத்தார் என்ரை வீட்டிலதான் எண்டு நான் மேசையில தட்டினன். சத்தம் கூடிப்போச்சு. என்ன பிரச்சினை எண்டு ஒட்வார் கேட்க, மகள் ஜெர்மனில விளங்கப்படுத்தினாள்.

மனிசன் யோசிச்சுப்போட்டு ஒரு வழி சொன்னார். அவையின்ரை ஊரில இண்டைக்குப் பாற்கஞ்சி காய்ச்சி, பானைக்குள்ள ஒரேயொரு பாதாம் போடுவினமாம். அது ஆரின்ரை கோப்பையில வருதோ அவருக்கு மார்சிப்பான் எண்ட பாதாம் இனிப்பில செய்த பண்டிக்குட்டி பரிசு. இந்த முறை பாதாம் கிடைக்கிற ஆளே அடுத்த நத்தார் எங்கை எண்டும் முடிவெடுக்கட்டும் எண்டார். எல்லாரும் ஓம் எண்டிச்சினம். நானும் ஓம் எண்டிட்டன்.

ஓமெண்ட பிறகுதான் கணக்கு விளங்கிச்சு. சாப்பிடப்போறது அஞ்சு பேர். அதில நாலு பேர் நோர்வேப் பக்கம்.

விடுவனே? குசினிக்குப் போய், பாதாமைத் தோல் உரிச்சுத் தரட்டோ எண்டு மனிசியைக் கேட்டன். அவ என்னை மேலையும் கீழையும் பாத்தா. முதுகு எப்பிடி எண்டு விசாரிச்சா. பிறகு வெந்நீரில ஊறின பாதாம் ரெண்டை எடுத்துக் கையில வைச்சா. நான் ஒண்டை உரிச்சுக் குடுத்தன். மற்றதையும் உரிச்சு, பழுது எண்டு சொல்லிக் காற்சட்டைப் பொக்கற்றுக்குள்ள போட்டன்.

பின்னேரம் மேசையில இருந்தம். எங்கடை ஊரில காய்ச்சல்காரருக்குக் குடுக்கிற சாமானுக்குச் சீனியும் கறுவாத்தூளும் தூவி, நடுவில ஒரு துண்டு பட்டர் வைச்சிருந்தினம். முதல் கரண்டியோடையே, பொக்கற்றில இருந்த என்ரை பாதாமைக் கன்னக் கொடுப்புக்குள்ள தள்ளினன். கையைத் தூக்கப் போகேக்கை ஒட்வார் இன்னொரு சட்டம் சொன்னார். கிடைச்ச ஆள் காட்டப்படாதாம். பானை முடியுமட்டும் வாய்க்குள்ள ஒளிச்சு வைச்சிருந்து, மற்றவையைப் பேய்க்காட்டவேணுமாம்.

அப்பதான் எனக்குப் பயம் பிடிச்சுது. பானைக்குள்ள உண்மையான பாதாம் ஒண்டு கிடக்குதே. அது வேறை ஒராளின்ரை வாயில இருந்தால் ரெண்டு பாதாம் ஆகும். கள்ளன் ஆர் எண்டு ஒருத்தரும் யோசிக்கவும் தேவையில்லை.

எல்லாரின்ரை வாயையும் பாத்தன். ஒட்வார் ஒரு பக்கத்தாலதான் மெண்டார். சரி, அவரிட்டைத்தான். பிறகு பார்த்தால் பற்றிமா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறா. அப்ப அவவிட்டையோ? மகள் கதைக்கிறதையே நிப்பாட்டிட்டாள். மனிசி மட்டும் ஒரு குழப்பமும் இல்லாமல் என்ரை கோப்பைக்குள்ள அகப்பை அகப்பையா வாத்துக்கொண்டிருந்தா. நான் கொடுப்புக்குள்ள பாதாமை வைச்சுக்கொண்டு மூண்டு கோப்பை குடிச்சன். நாக்கு எங்கை, பாதாம் எங்கை எண்டு எனக்கே தெரியேல்லை.

பானை முடிஞ்சுது. ஒருத்தரும் பாதாமை எடுத்துக் காட்டேல்லை. ஒட்வார் வாயைத் திறந்து காட்டினார், ஒண்டுமில்லை. பற்றிமாவிட்டையும் இல்லை. மகளிட்டையும் இல்லை. ஆரோ தெரியாமல் விழுங்கிப்போட்டினம். மாதாவே, உனக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்திறன் எண்டு மனசுக்குள்ள சொல்லிக்கொண்டு பாதாமை எடுத்து மேசையில வைச்சன்.

“அடுத்த வருசம் எசன்தான்,” எண்டன்.

ஒட்வார் எழும்பிக் கையைக் குலுக்கிப் பண்டிக்குட்டியை என்னட்டை நீட்டினார். நான் வாங்கப் போகேக்கை மனிசி, ஒரு நிமிசம் எண்டு சொல்லி உள்ளங்கையை விரிச்சா. அதுக்குள்ள வெள்ளை வெளேரெண்டு ஒரு பாதாம். நான் உரிச்சுக் குடுத்த அதே பாதாம்.

“கலியாணம் கட்டின நாளில இருந்து குசினிப் பக்கம் எட்டிப் பாக்காத மனிசன் பாதாம் உரிக்க வந்தால், ஆரப்பா அதைக் கஞ்சிக்குள்ள போடுவினம்?”

மகள் அதை ஜெர்மனில சொல்ல, ஒட்வார் நீட்டின பண்டிக்குட்டியை அப்பிடியே மனிசியின்ரை பக்கம் திருப்பினார். சிரிச்ச சிரிப்பில அவருக்குக் கண்ணீர் வந்திட்டுது. எனக்கும்தான் வந்தது, ஆனா சிரிப்பில இல்லை.

மனிசி பண்டிக்குட்டியின்ரை காதைப் பிய்ச்சு வாயில போட்டுக்கொண்டு சொன்னா, “ஒஸ்லோவில ஒரு கிழமை நிப்பம் எண்டுதான் நினைச்சிருந்தனான். இனி ரெண்டு கிழமை.”